பழைய நெகிழ்வட்டு டிரைவும் புதிய கணினியும்: அறிகுறி வழியே பிழை நீக்கம்

பழைய நெகிழ்வட்டு (ஃபிளாப்பி) டிரைவை இன்றைய கணினியுடன் இணைப்பவருக்குத் திரையில் பெரும்பாலும் ஒரே செய்திதான் கிடைக்கிறது: வட்டைப் படிக்க முடியவில்லை. கேபிள் தலைகீழாகச் செருகப்பட்டிருந்தாலும், டிரைவின் பெல்ட் தளர்ந்திருந்தாலும், வட்டின் மேல் பூஞ்சை படர்ந்திருந்தாலும், வட்டு வேறொரு கணினிக் குடும்பத்துக்காக எழுதப்பட்டிருந்தாலும் இயங்குதளம் சொல்வது அந்த ஒன்றைத்தான். ஆகவே திரையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, டிரைவின் விளக்கையும் மோட்டாரின் ஒலியையும் ஹெட் (வட்டைப் படித்து எழுதும் முனை) நகரும் சத்தத்தையும் கவனிப்பவரே விரைவில் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார். கீழே உள்ள பகுதிகள் மின்சாரம், கேபிள், இயந்திரப் பகுதி, வட்டு, வடிவம் என்ற வரிசையில் செல்கின்றன. முந்தைய அடுக்கு சரியாக இருக்கிறது என்று உறுதியாகாமல் அடுத்த அடுக்கில் நேரம் செலவிடுவது வீண்.

எந்த வழியில் இணைத்திருக்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒரே அறிகுறிக்கு வழிக்கு வழி பொருள் மாறுகிறது. முதல் வழி, யுஎஸ்பியில் செருகும் 3.5 அங்குல வெளிப்புற டிரைவ். இது வட்டின் செக்டர்களை (தரவு பிரித்து வைக்கப்படும் சிறு துண்டுகளை) மட்டுமே கணினிக்குத் தரும், அதுவும் பொதுவாக 1.44 மெகாபைட், 720 கிலோபைட் ஆகிய வடிவங்களில் மட்டும். இரண்டாவது வழி, 34 பின் (இணைப்பியின் உலோக முனை) கொண்ட பழைய டிரைவை கிரீஸ்வீசில், கிரையோஃபிளக்ஸ், சூப்பர்கார்டு ப்ரோ போன்ற பலகை ஒன்றின் மூலம் யுஎஸ்பியில் இணைப்பது. இப்பலகைகள் வட்டிலுள்ள காந்தத் திசை மாற்றங்களின் இடைவெளிகளை நேரமாக அளந்து அப்படியே கோப்பில் சேமிக்கின்றன, அவற்றுக்குப் பொருள் காண்பது பிறகு மென்பொருளின் வேலை. மூன்றாவது வழி, நெகிழ்வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லு உள்ள பழைய மதர்போர்டு ஒன்றை இடைக் கணினியாக வைத்துக்கொள்வது. 34 பின்னை யுஎஸ்பியாக மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் மலிவான சிறு பலகைகளும் உண்டு. அவை பெரும்பாலும் முதல் வழியின் வரம்புகளையே கொண்டவை, 5.25 அங்குல டிரைவை அவற்றில் மாட்டி நேரத்தை இழக்க வேண்டாம்.

தொடங்குமுன்

இழந்தாலும் வருத்தமில்லாத, ஆனால் நன்றாகப் படிக்கும் என்று தெரிந்த வட்டு ஒன்றை ஒவ்வொரு அளவிலும் சோதனைக்காக ஒதுக்கிவையுங்கள். மீட்டெடுக்க வேண்டிய வட்டு, டிரைவ் நலமாக இருக்கிறது என்று அந்தச் சோதனை வட்டு சொன்ன பிறகே உள்ளே போக வேண்டும். மீட்டெடுக்க வேண்டிய வட்டு ஒவ்வொன்றையும் எழுதத் தடை செய்துவிடுங்கள். 3.5 அங்குல வட்டில் மூலைத் துளை திறந்திருந்தால் தடை, 5.25 அங்குல வட்டில் பக்கவாட்டு வெட்டு ஒட்டுத்தாளால் மூடப்பட்டிருந்தால் தடை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இருப்பதால் பழகியவர்களும் இங்கே தடுமாறுவதுண்டு. ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, பல டிரைவ்கள் அந்த வெட்டை ஒளி உணரியால்தான் பார்க்கின்றன. இந்த எச்சரிக்கை மிகையல்ல: விண்டோஸ் 95, 98 ஆகியவை தடை செய்யப்படாத வட்டைப் படித்தாலே அதன் தொடக்கச் செக்டரில் தம் அடையாளத்தை எழுதிவிடும். இடைக் கணினியில் அவை ஓடிக்கொண்டிருந்தால், படித்தது மட்டும்தான் என்று நினைத்த வட்டு மாறிப்போயிருக்கும்.

கேபிளை மாட்டுவதும் கழற்றுவதும் எப்போதும் மின்சாரத்தை நிறுத்திய பின்பே.

அறிகுறி: டிரைவில் உயிரே இல்லை

மின்சாரம் கொடுத்தவுடன் டிரைவ் அமைதியாக இருப்பது தானாகவே ஒரு பிழை ஆகிவிடாது. கட்டுப்படுத்தி (டிரைவுக்குக் கட்டளை அனுப்பும் சில்லு) அழைக்கும்போதுதான் விளக்கு எரியும். மோட்டாருக்கும் தனிக் கட்டளை வேண்டும். பல 3.5 அங்குல டிரைவ்கள் வட்டு உள்ளே போனதும் அதைப் பற்றிக்கொள்வதற்காக மோட்டாரை ஒரு நொடி சுழற்றிப் பார்க்கும். தரவுக் கேபிளைக் கழற்றிவிட்டு மின்சாரத்தை மட்டும் கொடுத்து இந்தச் சிறு சுழற்சி கேட்கிறதா என்று பார்ப்பது எளிய முதல் சோதனை.

அது கேட்காவிட்டால் மின் இணைப்பைப் பாருங்கள். சிவப்புக் கம்பியில் 5 வோல்ட், மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்புக் கம்பிகள் நிலம் (0 வோல்ட்). பிற்கால 3.5 அங்குல டிரைவ்கள் பல 5 வோல்ட்டில் மட்டுமே இயங்கும், 5.25 அங்குல டிரைவின் மோட்டாருக்கு 12 வோல்ட் தேவை. ஆகவே யுஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்டைக் கொண்டு 5.25 அங்குல டிரைவை ஓட்ட முயன்றால், விளக்கு எரியும், மின்னணுப் பகுதி பதில் சொல்லும், வட்டு மட்டும் சுழலாது. பழைய மேசைக் கணினியின் மின்வழங்கியோ, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒருசேரத் தரும் வெளிப்புற வழங்கியோ இதற்கு வேண்டும்.

3.5 அங்குல டிரைவின் சிறிய நான்கு பின் மின் இணைப்பியை ஒரு பின் தள்ளிச் செருகிவிட முடியும் என்பது அதன் மோசமான குணம். அப்படிச் செருகினால் மின்சாரம் தவறான பின்களில் பாய்ந்து டிரைவோ மின்வழங்கியோ கெட்டுவிடலாம். மேசைக்கு அடியில் விரலால் தடவிச் செருகாமல், கண்ணால் பார்த்துச் செருகுங்கள்.

அறிகுறி: விளக்கு அணையாமல் எரிகிறது, மோட்டார் நிற்காமல் சுழல்கிறது

தரவுக் கேபிள் ஒரு முனையில் தலைகீழாக இருக்கிறது. வேறு காரணங்களைத் தேடுவதற்கு முன் இதைச் சரிபார்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

காரணம் இணைப்பியின் அமைப்பிலேயே இருக்கிறது. 34 பின்களில் ஒற்றைப்படை எண் கொண்டவை நிலம். இரட்டைப்படை எண் கொண்டவை சமிக்ஞைகள். சமிக்ஞைகள் எல்லாம் மின்னழுத்தம் தாழும்போது செயல்படுபவை. கேபிளைத் தலைகீழாகத் திருப்பினால் டிரைவின் ஒவ்வொரு சமிக்ஞைப் பின்னும் மறுமுனையில் ஒரு நிலப் பின்னோடு சேர்ந்துவிடுகிறது. எனவே டிரைவைத் தேர்ந்தெடு, மோட்டாரைச் சுழற்று என்ற கட்டளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் விடாமல் வந்துகொண்டிருப்பதாக டிரைவ் எடுத்துக்கொள்கிறது.

இதனால் டிரைவோ பலகையோ பொதுவாகக் கெடுவதில்லை. ஆனால் அந்தக் கட்டளைக் கூட்டத்தில் 24ஆம் பின்னில் வரும் எழுதும் அனுமதியும் ஒன்று. தலைகீழ்க் கேபிளோடு எழுதத் தடை செய்யாத வட்டு ஒன்றை உள்ளே தள்ளினால், ஹெட் அப்போது நிற்கும் தடம் (வட்டில் தரவு எழுதப்படும் வளையம்) அழிந்துபோக வாய்ப்புண்டு. ஹெட் பெரும்பாலும் நிற்பது தொடக்கச் செக்டர் உள்ள தடம் 0இன் அருகில். சோதனை வட்டை ஒதுக்கிவைக்கச் சொன்னது முதன்மையாக இந்த ஒரு நிலைக்காகத்தான்.

கேபிளின் ஓரத்தில் உள்ள வண்ணக் கோடு 1ஆம் பின்னைக் குறிக்கிறது. டிரைவில் 1ஆம் பின் எந்தப் பக்கம் என்பதைப் பலகையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். மின் இணைப்பியின் பக்கம்தான் இருக்கும் என்று சொல்லப்படும் விதி பல டிரைவ்களுக்குப் பொருந்துகிறது, எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. 5.25 அங்குல டிரைவின் ஓர இணைப்பியில் ஒரு பிளவு வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பிளவு குறைந்த எண் கொண்ட பின்களின் பக்கம் இருக்கிறது.

அறிகுறி: மின்சாரம் சரி, கேபிள் நேர், ஆனால் அழைத்தால் டிரைவ் பதில் சொல்வதில்லை

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, கணினி எந்த டிரைவை அழைக்கிறது, இந்த டிரைவ் தன்னை எந்த டிரைவாகக் கருதிக்கொண்டிருக்கிறது என்பது. நெகிழ்வட்டு டிரைவ் தயாரித்த ஷுகார்ட் நிறுவனம் வகுத்த மூல முறையில் ஒவ்வொரு டிரைவுக்கும் ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு செருகி) மூலம் தனி எண் கொடுக்கப்படும். மோட்டார் கம்பி எல்லாவற்றுக்கும் பொது. ஐபிஎம் தன் கணினியில் இதை மாற்றியது. எல்லா டிரைவ்களையும் இரண்டாவது எண்ணுக்கே அமைத்துவிட்டு, கேபிளில் 10 முதல் 16 வரையுள்ள ஏழு கம்பிகளைக் கடைசி இணைப்பிக்கு முன்பாக முறுக்கித் திருப்பியது. முறுக்குக்குப் பின்னால் இருக்கும் டிரைவ் 'ஏ', முன்னால் இருப்பது 'பி'. ஜம்பரைத் தொடாமலே டிரைவை மாட்ட உதவிய இந்த ஏற்பாடு, இன்று பலகைகளோடு இணைப்பவர்களைக் குழப்புவதில் முதலிடம் வகிக்கிறது.

பலகைக்கும் டிரைவுக்கும் நடுவே முறுக்கு உள்ள கேபிள் இருந்து, டிரைவ் முறுக்குக்கு அப்பால் இருந்தால், மென்பொருளில் 'ஏ' என்று சொல்ல வேண்டும். முறுக்கில்லாத நேர்க் கேபிளாக இருந்தால், இரண்டாம் எண்ணில் அமைந்த ஐபிஎம் வகைக் கணினியின் டிரைவ் 'பி' என்ற பெயருக்கே பதில் சொல்லும். பழைய ஷுகார்ட் முறை டிரைவ்களுக்கு 0, 1, 2, 3 என்ற எண்களில் ஒன்றைத் தர வேண்டும். கிரீஸ்வீசில் மென்பொருள் இரண்டு பெயரிடல்களையும் ஏற்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் 'ஏ' என்று வைத்துக்கொள்கிறது.

ஜம்பர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. சில உற்பத்தியாளர்கள் எண்ணிக்கையை 0இலிருந்தும் வேறு சிலர் 1இலிருந்தும் தொடங்கினார்கள். ஆகவே ஒரு டிரைவில் '1' என்று அச்சிட்ட ஜம்பர் இரண்டாவது டிரைவைக் குறிக்கும். மற்றொன்றில் அதே எண் முதல் டிரைவைக் குறிக்கும். வரிசையில் 0 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். பிற்கால 3.5 அங்குல டிரைவ்கள் பலவற்றில் ஜம்பரே இருக்காது. அவை இரண்டாவது எண்ணுக்கு நிலையாக அமைக்கப்பட்டவை.

யுஎஸ்பி வெளிப்புற டிரைவாக இருந்தால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. அது பதில் சொல்லாவிட்டால் யுஎஸ்பி மையத்தை (ஹப்) நீக்கிவிட்டுக் கணினியில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் தேவைப்படும் மின்னோட்டத்தை மலிவான மையங்கள் தருவதில்லை. லினக்ஸில் இந்த டிரைவ் பழைய நெகிழ்வட்டுப் பெயரில் தோன்றாது, யுஎஸ்பி வன்வட்டு தோன்றும் பெயர் வரிசையில்தான் தோன்றும். பெயரைச் சரிபார்க்காமல் நகலெடுக்கும் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

அறிகுறி: கடகடவென்ற ஒலி, அதன் பின் தடம் 0 கிடைக்கவில்லை என்ற செய்தி

டிரைவ் தன் ஹெட் எங்கே நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வெளிப்புறம் நோக்கி ஒவ்வொரு படியாக நகர்த்தி, தடம் 0 உணரி மறைபடும் இடத்தையே தொடக்கமாகக் கட்டுப்படுத்தி எடுத்துக்கொள்கிறது. உணரியில் தூசி இருந்தாலோ, ஹெட் வண்டி நகரும் தண்டில் பழைய மசகு பிசினாக இறுகியிருந்தாலோ இந்தத் தேடல் முடிவதில்லை. கடகட ஒலி கேட்டால் ஹெட் முட்டுக்கட்டையில் மோதிக்கொண்டிருக்கிறது, உணரியைச் சந்தேகிக்கலாம். முனகல் மட்டும் கேட்டு நகர்வு தெரியாவிட்டால் மசகைச் சந்தேகிக்கலாம். எந்த ஒலியும் இல்லாமல் இதே செய்தி வந்தால், டிரைவ் அழைப்பையே கேட்கவில்லை என்று பொருள். முந்தைய பகுதிக்குத் திரும்ப வேண்டும்.

இறுகிய மசகை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, தண்டில் மிகச் சிறிதளவு புதிய மசகு இட வேண்டும். ஹெட் வண்டியை மின்சாரம் இல்லாதபோது கையால் தள்ளுவதைக் காட்டிலும், திருகுத் தண்டைச் சுழற்றி நகர்த்துவது பாதுகாப்பானது. ஹெட்டின் இருப்பிடத்தை நிர்ணயிக்கும் திருகுகளையும், படி மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகளையும் இந்தச் சமயத்தில் தொடாதீர்கள். அவற்றில் சிறிய அசைவும் தடங்களின் மேல் ஹெட் நிற்கும் இடத்தை மாற்றிவிடும்.

அறிகுறி: வட்டு சுழல்கிறது, குறியீட்டுத் துடிப்பு வரவில்லை

ஒவ்வொரு சுற்றிலும் டிரைவ் ஒரு குறியீட்டுத் துடிப்பை (சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் சமிக்ஞையை) அனுப்ப வேண்டும். 5.25 அங்குல வட்டில் அது சிறிய துளையின் வழியாக விழும் ஒளியிலிருந்து பிறக்கிறது, 3.5 அங்குல வட்டில் டிரைவின் சுழல்தண்டுப் பகுதியிலிருந்தே பிறக்கிறது. துடிப்பே வராவிட்டால் வட்டு உண்மையில் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும், 5.25 அங்குல டிரைவில் நெம்புகோலை முழுவதும் மூடாமல் விட்டிருப்பது சாதாரணம்.

ஒருபக்க டிரைவ்களின் காலத்தில் வட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்திய பழக்கம் இங்கே தனித் தலைவலியாகிறது. பழைய கமடோர் வீட்டுக் கணினிகளின் 1541 டிரைவ் குறியீட்டுத் துளையைப் பார்ப்பதே இல்லை. ஆகவே அதில் திருப்பிப் போட்ட பக்கம் தடையின்றி வேலை செய்தது. ஐபிஎம் வகைக் கணினியின் டிரைவில் அதே வட்டைத் திருப்பிப் போட்டால், துளை உணரிக்கு எதிரே வராது, துடிப்பும் இருக்காது. துடிப்பு வந்ததாகப் பாவித்துக்கொள்ளும் வசதி கிரீஸ்வீசில் மென்பொருளில் உண்டு என்றாலும், துடிப்பு இல்லாமல் தரவை வெளியே விடாத டிரைவ்களிடம் அது பலிக்காது. அத்தகைய டிரைவ் கிடைத்தவர் வேறு மாதிரி டிரைவைத் தேடுவதே நல்லது. உறையில் புதிய துளை வெட்டுவதை மீட்டெடுக்க வேண்டிய வட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துடிப்பு வருகிறது என்றால் வேகத்தை அளக்கலாம். 3.5 அங்குல டிரைவும் 360 கிலோபைட் 5.25 அங்குல டிரைவும் நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லிநொடி, 1.2 மெகாபைட் டிரைவ் 360 சுற்று, ஒரு சுற்றுக்குச் சுமார் 166.7 மில்லிநொடி. ஒரு சில சதவீதம் விலகினாலோ, அளவு சுற்றுக்குச் சுற்று தள்ளாடினாலோ, பெல்ட் உள்ள டிரைவில் பெல்ட்டையும், நேரடி மோட்டார் உள்ள டிரைவில் மின்தேக்கிகளையும் சந்தேகிக்க வேண்டும். கசிந்த மின்தேக்கியைச் சுற்றிப் பலகை ஈரமாகவும் நிறம் மங்கியும் தெரியும். 1.2 மெகாபைட் டிரைவ் 360 சுற்று காட்டுவதைப் பழுது என்று நினைத்து வேகத்தைக் குறைக்க முயல்பவர்களும் இருக்கிறார்கள். அது அதன் இயல்பு.

அறிகுறி: வட்டை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது

வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு வேறு விடை கிடையாது. இந்தக் கேள்வி எழுவதற்கான காரணங்களில் வட்டு வெறுமையாக இருப்பது மிக அரிதான ஒன்று.

3.5 அங்குல வட்டாக இருந்தால் முதலில் வட்டின் இரண்டு மூலைகளையும் பாருங்கள். எழுதத் தடை செய்யும் துளைக்கு எதிர்மூலையில் இன்னொரு துளை இருந்தால் அது உயரடர்த்தி (1.44 மெகாபைட்) வட்டு. அந்தக் காலத்தில் உயரடர்த்தி வட்டைத் துளையைக் கவனிக்காத டிரைவில் போட்டு 720 கிலோபைட்டாக ஃபார்மட் செய்தவர்கள் பலர். இன்றைய டிரைவ் துளையைப் பார்த்து இருமடங்கு வேகத்தில் தரவை எதிர்பார்க்கிறது, ஒன்றும் புரியாமல் திரும்புகிறது. ஒளிபுகாத ஒட்டுநாடாவால் அந்தத் துளையை மூடினால் இத்தகைய வட்டுகள் உடனே படிக்கும்.

துளை பொருந்தினாலும் படிக்கவில்லை என்றால், வட்டு எந்தக் கணினியில் எழுதப்பட்டது என்பதே அடுத்த கேள்வி. அமிகா கணினியின் 880 கிலோபைட் வட்டு, ஐபிஎம் வகைக் கணினி வட்டின் அதே அடிப்படைக் குறியீட்டு முறையில் எழுதப்பட்டிருந்தாலும், தடம் ஒன்றுக்கு 11 செக்டர்களை இடைவெளியின்றி ஒட்டுமொத்தமாக எழுதுகிறது. செக்டர் தலைப்பின் அமைப்பும் வேறு. மெக்கின்டாஷின் 400, 800 கிலோபைட் வட்டுகள் வேறு குறியீட்டு முறையில், தடம் உள்ளே செல்லச் செல்ல மாறும் சுழற்சி வேகத்தில் எழுதப்பட்டவை. யுஎஸ்பி வெளிப்புற டிரைவால் இவற்றை எந்த மென்பொருளைக் கொண்டும் படிக்க முடியாது. அதன் உள்ளே இருக்கும் சில்லு தனக்குத் தெரிந்த செக்டர்களை மட்டுமே வெளியே விடுகிறது. கணினிப் பக்கம் எதை மாற்றினாலும் அந்தச் சில்லுக்குப் பின்னால் உள்ளது கண்ணில் படாது. யுஎஸ்பி டிரைவோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தச் சுவரின் முன்தான் நிற்கிறார்கள். இவற்றுக்கு காந்த மாற்றங்களைப் பதிவுசெய்யும் பலகைதான் வழி. சாதாரண 3.5 அங்குலக் கணினி டிரைவே அதற்குப் போதும், மெக்கின்டாஷின் மாறும் வேகத்தைக் கூடப் பலகை நேரக் கணக்கில் சமாளித்துவிடும்.

மெக்கின்டாஷின் 1.44 மெகாபைட் வட்டு இதற்கு விலக்கு. அது ஐபிஎம் வகைக் கணினி வட்டைப் போலவே எழுதப்பட்டிருப்பதால் யுஎஸ்பி டிரைவ் அதன் செக்டர்களைப் படிக்கும். உள்ளே இருக்கும் எச்எஃப்எஸ் கோப்பு முறையைத்தான் விண்டோஸ் அறியாது. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவும் அந்தப் பழைய முறையைக் கைவிட்டுவிட்டது. முழு வட்டையும் படக் கோப்பாக நகலெடுத்து, லினக்ஸில் அதற்கென உள்ள கருவிகளால் கோப்புகளைப் பிரித்தெடுக்கலாம்.

மிகப் பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) வட்டுகளில் இன்னொரு நுட்பமான நிலை உண்டு. டாஸின் முதல் பதிப்பு எழுதிய வட்டின் தொடக்கச் செக்டரில், வட்டின் அளவுகளை விவரிக்கும் அட்டவணை இருக்காது. கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணையின் (எந்தக் கோப்பு வட்டில் எங்கே என்ற பதிவின்) முதல் பைட்டே வட்டின் வகையைச் சொல்லும். செக்டர்கள் அனைத்தும் பிழையின்றிப் படித்தும், ஃபார்மட் செய்யப்படாத வட்டு என்று இயங்குதளம் சொன்னால் இதை நினைவுகொள்ளுங்கள். தரவு முழுவதும் அங்கேயே இருக்கிறது. படக் கோப்பை எடுத்து, வட்டின் அளவைக் கையால் சொல்ல அனுமதிக்கும் கருவியில் திறந்தால் போதும்.

அறிகுறி: ஒவ்வொரு தடமும் இரண்டு முறை வருகிறது, அல்லது பாதித் தடங்கள் படிப்பதில்லை

360 கிலோபைட் வட்டை 1.2 மெகாபைட் டிரைவில் போட்டிருக்கிறீர்கள். முன்னதில் 40 தடங்கள், அங்குலத்துக்கு 48. பின்னதில் 80 தடங்கள், அங்குலத்துக்கு 96. மெல்லிய ஹெட் ஒரு படி நகரும்போது அகலமான பழைய தடத்தின் மறுபாதியின் மேல்தான் நிற்கிறது. மென்பொருளில் இரட்டைப் படி என்று அமைத்துவிட்டால், ஹெட் ஒவ்வொரு முறையும் இரண்டு படிகள் நகர்ந்து சரியான தடங்களை மட்டும் படிக்கும். டிரைவின் வேகம் 360 சுற்றாக இருப்பதால் வினாடிக்கு 250 கிலோபிட்டில் எழுதப்பட்ட தரவு 300 கிலோபிட்டாக வந்து சேரும். வட்டின் வடிவத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் இன்றைய கருவிகள் இதைத் தாமே கணக்கிட்டுக்கொள்கின்றன. 5.25 அங்குல வட்டுகளைப் படிக்க மட்டுமே விரும்புபவருக்கு எஃப்சி5025 என்ற யுஎஸ்பி பலகையும் உண்டு. அதனால் எழுத முடியாது என்பதை நான் ஒரு நற்பண்பாகவே எண்ணுகிறேன்.

அறிகுறி: வட்டை மாற்றிய பின்னும் முந்தைய வட்டின் கோப்புப் பட்டியலே தெரிகிறது

உண்மையான கட்டுப்படுத்தி உள்ள பழைய மதர்போர்டில் மட்டும் வருவது இது. 34ஆம் பின் வழியாக வட்டு மாற்றப்பட்டது என்ற சமிக்ஞை கணினிக்கு வர வேண்டும். அமிகா முதலிய கணினிகளின் டிரைவ்களில் அதே பின் 'தயார்' என்ற வேறு சமிக்ஞையைத் தருகிறது. அத்தகைய டிரைவைக் கணினியில் மாட்டினாலோ, 34ஆம் கம்பி அறுந்திருந்தாலோ, கணினி பழைய பட்டியலை நினைவிலேயே வைத்துக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும் இந்தப் பிழை உண்மையில் ஆபத்தானது: இந்த நிலையில் எதையேனும் எழுதினால் முதல் வட்டின் ஒதுக்கீட்டு அட்டவணை இரண்டாவது வட்டின் மேல் பதிந்துவிடும். ஜம்பரை மாற்றும்வரை, அல்லது கேபிளை மாற்றும்வரை, அந்த டிரைவில் எதையும் எழுதக் கூடாது.

அறிகுறி: கீச்சென்ற ஒலி

உடனே நிறுத்தி வட்டை வெளியே எடுங்கள். இன்னொரு முறை முயன்று பார்ப்போம் என்ற எண்ணம்தான் இங்கே வட்டைக் கொல்கிறது. காலப்போக்கில் சில வட்டுகளின் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பிணைப்பு தளர்ந்து, பூச்சு ஹெட்டில் உரிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துகள் அடுத்த சுற்றில் வட்டைக் கீறும், பின்னர் உள்ளே போகும் நல்ல வட்டையும் கீறும். எனவே கீச்சொலி எழுப்பிய வட்டுக்குப் பின், ஹெட்டுகளைத் துடைக்காமல் வேறெந்த வட்டையும் போடக் கூடாது. பஞ்சு நுனியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து மெதுவாகத் துடைக்கலாம். மேல் ஹெட்டைத் தாங்கும் தகடு மிக மெல்லியது. அதை உயர்த்தி வளைத்துவிட்டால் அந்த டிரைவின் ஆயுள் முடிந்தது. பஞ்சின் நார் மேல் ஹெட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வட்டின் திறப்பு வழியாகப் பார்த்தால் பூஞ்சை வெண்மையான புள்ளிகளாகவோ வளையங்களாகவோ தெரியும். கையால் வட்டை மெல்லச் சுழற்றி முழுப் பரப்பையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகே டிரைவில் போட வேண்டும். 5.25 அங்குல வட்டாக இருந்தால் உறையின் ஓரத்தைப் பிரித்து உள்வட்டை வெளியே எடுத்துத் துடைத்து, தேவையற்ற வட்டு ஒன்றின் சுத்தமான உறைக்குள் வைத்துப் படிக்கலாம். இத்தகைய வட்டு ஒரே ஒரு முறைதான் ஒழுங்காகப் படிக்கும் என்று வைத்துக்கொண்டு, முதல் ஓட்டத்திலேயே தடம் ஒன்றுக்குப் பல சுற்றுகளைப் பதிவுசெய்யுமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு டிரைவில் படிக்கிறது, மற்றொன்றில் படிப்பதில்லை

எழுதிய டிரைவின் ஹெட் சற்று விலகியிருந்திருக்கலாம். அந்த வட்டு அதே அளவு விலகிய டிரைவில்தான் நன்றாகப் படிக்கும். நல்ல நிலையிலுள்ள டிரைவ் ஒன்றைத் திருகி அந்த வட்டுக்கு ஏற்ப மாற்றுவதற்கு முன், கையிலுள்ள எல்லா டிரைவ்களிலும் போட்டுப் பாருங்கள். வெவ்வேறு உற்பத்தியாளர்களின் டிரைவ்கள் வெவ்வேறு செக்டர்களைப் படித்துத் தருவதுண்டு, அவற்றை ஒன்றுசேர்த்து முழுப் படத்தை உருவாக்கலாம். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி எந்தச் செக்டர்கள் கிடைத்தன என்ற குறிப்பை ஒரு கோப்பில் வைத்துக்கொள்வதால், அடுத்த டிரைவில் விடுபட்ட செக்டர்களை மட்டும் கேட்டு வாங்க முடிகிறது. எல்லா டிரைவும் கைவிட்டு, வட்டும் ஈடில்லாததாக இருந்தால், இழக்கத் துணிந்த டிரைவ் ஒன்றின் ஹெட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி, படிப்பு எந்த இடத்தில் மேம்படுகிறது என்று பார்க்கலாம். அதன் பின் அந்த டிரைவை வேறு வட்டுகளில் எழுதப் பயன்படுத்தக் கூடாது.

அறிகுறி: புதிய கணினியில் எழுதிய வட்டைப் பழைய கணினி படிப்பதில்லை

எழுதிய உடன் இங்கேயே சரிபார்த்தால் பிழையே தெரியாது. பழைய கணினியில்தான் சிக்கல் வெளிப்படும். 5.25 அங்குல வட்டுகளில் இதற்கான காரணம் பெரும்பாலும் தடத்தின் அகலம்: ஏற்கெனவே 360 கிலோபைட் டிரைவில் எழுதிய வட்டின் மேல் 1.2 மெகாபைட் டிரைவ் மெல்லிய தடத்தை எழுதினால், இருபுறமும் பழைய தரவின் எச்சம் மிஞ்சுகிறது. பழைய டிரைவின் அகலமான ஹெட் இரண்டையும் கலந்து படித்துக் குழம்புகிறது. அழிப்புக் காந்தத்தால் முழுவதும் அழித்த வட்டிலோ, இதுவரை எழுதப்படாத புதிய வட்டிலோ எழுதினால் எச்சம் இருக்காது. பல சமயம் அதுவே போதுமானதாகிறது.

வட்டின் வகையையும் பாருங்கள். 5.25 அங்குல இரட்டை அடர்த்தி (360 கிலோபைட்) வட்டின் காந்தப் பூச்சுக்குச் சுமார் 300 ஏர்ஸ்டெட் (காந்தப்புல அலகு), உயரடர்த்தி (1.2 மெகாபைட்) வட்டுக்குச் சுமார் 600 ஏர்ஸ்டெட் வலிமை தேவைப்படுகிறது. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் உயரடர்த்தி வட்டில் 360 கிலோபைட் எழுதி நம்பிக்கை வைக்க முடியாது. 3.5 அங்குலத்தில் இந்த வேறுபாடு சிறியது. துளையை மூடிய உயரடர்த்தி வட்டு 720 கிலோபைட்டாகச் சில காலம் வேலை செய்யும், இருந்தாலும் நீண்ட நாள் வைத்திருக்க வேண்டியதை அதில் எழுத வேண்டாம். 40 தட டிரைவ் ஒன்று கிடைக்குமானால், பழைய கணினிக்கான 5.25 அங்குல வட்டுகளை அதிலேயே பலகை மூலம் எழுதிவிடுவது இந்தப் பகுதியில் சொன்ன எல்லாவற்றையும் தேவையற்றதாக்கிவிடும்.